திரும்பாத குமிழ்

எங்கள் வீட்டில் சத்தத்தைப் பற்றிக் கடைசித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கு எட்டு வயதிலேயே கிடைத்துவிட்டது. கொடுத்தவர் சித்தப்பா. அப்பாவுக்கு ஒரே தம்பி. போடியிலிருந்து மலைமேல் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போய், சாயந்திரம் திரும்பக் கொண்டுவந்து இறக்குகிற ஜீப்பு ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி அறையில் உட்கார்ந்து எதையாவது பற்றவைத்து முடித்ததும், அது சரியா இல்லையா என்று சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார். என்னைவிட ஐந்து வயது மூத்த அண்ணன் பக்கத்திலேயே நின்றாலும் அவனைக் கேட்க மாட்டார். எனக்குக் கிடைத்த முதல் பதவி அது என்பதால் தலைக்கனமும் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

சித்தப்பாவைப் பாட்டுப் பைத்தியம் என்றுதான் தெருவில் சொல்வார்கள். அது சரியில்லை. அவர் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டு நான் பார்த்ததே கிடையாது. ஏதாவது ஒரு பாட்டில், பாடுகிறவர் மூச்சு இழுக்கிற இடம் ஒன்று இருக்கும். அந்த இடத்தையே கேசட்டைத் திருப்பித் திருப்பி இருபது தடவை போடுவார். தபலா பக்கத்து அறையிலிருந்து கேட்கிறது, இந்த அறைக்குள் வரமாட்டேன் என்கிறது என்று கவலைப்படுவார். வீட்டில் மற்றவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அம்மாவின் கவலை எல்லாம் பானையைப் பற்றித்தான். ஸ்பீக்கருக்கு மரப்பெட்டியைவிட மண்பானைதான் நல்ல கனம் தரும் என்று யாரோ சொல்லிவிட, பொங்கலுக்கு வாங்கி வைத்திருந்த இரண்டு புதுப் பானைகளின் வாயிலும் ஸ்பீக்கரைப் பொருத்திக் கொண்டுபோய் மாடியில் வைத்துவிட்டார். அந்த வருடம் எங்கள் வீட்டுப் பொங்கல் குக்கரில் பொங்கியது.

பானைகள் வந்தபிறகும் அவருக்குத் திருப்தி வரவில்லை. குறை எல்லாம் முன்னால் இருக்கிற பெட்டியில்தான் என்று கண்டுபிடித்தார். டேப்பிலிருந்து வருகிற சத்தம் மெலிந்த பிள்ளை மாதிரி. அதை அப்படியே கொண்டுபோய்ப் பெரிய ஆம்ப்ளிஃபையரில் விட்டால் நொந்துபோகும். நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைத்து, அதற்குக் கொஞ்சம் ஊட்டம் கொடுத்து, கனத்த சத்தத்தைத் தனியாகவும் மெல்லிய சத்தத்தைத் தனியாகவும் கூட்டிக் குறைத்து அனுப்ப வேண்டும். அந்தப் பெட்டிக்குப் பெயர் பிரீஆம்ப். கடையில் விற்பது எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ரயில் ஏறி மதுரைக்குப் போய், எட்டுக் கால் வைத்த ஐசியும் ஒரு கைப்பிடி கெப்பாசிட்டர்களும் வாங்கிவந்து தானே கட்டினார். பெட்டியாக அமைந்தது ஒரு பிஸ்கட் டின். அதன் முகத்தில் ஓட்டை போட்டு மூன்று குமிழ்கள் வைத்தார். ஒன்று வால்யூம், ஒன்று கனத்த சத்தத்துக்கான பேஸ், ஒன்று மெல்லிய சத்தத்துக்கான ட்ரெபிள்.

அவருக்கு வேண்டிய சத்தம் எது என்று அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். மெத்தென்று இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் ட்ரெபிளை முழுக்கத் திருப்பி வைத்துக் கீச்சென்று பாடவிடுவார்களே, அதைக் கேட்டால் அவருக்குப் பல் கூசும். டீ குடிக்காமலேயே எழுந்து வந்துவிடுவார். மூன்று வருடமாக அந்தப் பிஸ்கட் டின்னைப் பிரித்துப் பிரித்துக் கட்டியதெல்லாம் அந்தக் கீச்சை ஒழித்துக்கட்டுவதற்காகத்தான்.

என் பதவிக்கு வருகிறேன். வீட்டில் கட்டுகிற பிரீஆம்புக்கு ஒரு வியாதி உண்டு. பாட்டு நின்றாலும் அடியில் ஓர் உறுமல் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்டிலிருந்து வருவது. டின்னுக்கு எர்த் கொடுத்து, டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வைத்து, வயர்களை முறுக்கிப் பின்னி என்று அவர் என்னென்னவோ செய்து உறுமலைக் குறைப்பார். போய்விட்டது என்று அண்ணனும் அம்மாவும் சொல்வார்கள். நான் மட்டும் பானைக்குள் தலையை விட்டுவிட்டு, இன்னும் இருக்கிறது என்பேன். அவர் ஓர் ஈயப் பொட்டை மாற்றி வைப்பார். இப்போது இல்லை என்பேன். அதுதான் சரியாக இருக்கும். வீட்டிலேயே நல்ல காது என்னுடையதுதான் என்று அவர் நாலு பேரிடம் சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று சொன்னது தெரிந்துதான். அப்போது நான் பேச்சைப் பாதி உதட்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் என் நல்ல காதுக்கு மதிப்பே இல்லை. மூன்றாம் வகுப்பு டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துகிறவர். சொல்வதெழுதச் சொன்னால், நடந்துகொண்டே என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்வார். நான் பக்கத்துப் பிள்ளையின் பலகையைப் பார்ப்பேன். காப்பி அடிக்கிறாள் என்று இடம் மாற்றினார். இடம் மாறியதும் பத்துக்கு இரண்டு வந்தது. அப்பாவை வரச்சொல்லி, இந்தப் பிள்ளைக்கு எத்தனை சொன்னாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான் என்றார். பாவம், அவர் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் சொல்வார். இந்தமுறை நிஜமாகவே சரியாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரியாது.

அப்பாவுக்கு மலைமேல் கொஞ்சம் ஏலச்செடி இருந்தது. திங்கட்கிழமை மேலே போனால் சனிக்கிழமைதான் இறங்குவார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். முழுப்பரீட்சையில் தேறாவிட்டால் இன்னொரு வருடம் இதே வகுப்பில் உட்கார வைப்பதில் அர்த்தமில்லை, கூடவே மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன், செடிக்குத் துணையாக இருக்கட்டும் என்றார். மேலே நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. போனால் போனதுதான் என்று அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் தெரியும். எனக்கும் அது தெரியும். எனக்கு அழுகை வந்தது, ஆனால் சித்தப்பாவுக்கு உறுமல் பார்த்துச் சொல்ல இனி யார் இருக்கிறார்கள் என்றுதான் அழுதேன்.

இத்தனை நாள் யாரும் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்கலாம். கண்டுபிடித்திருந்தார்கள், தப்பாக. மலையேறி இறங்குகிற ஊரில் காது அடைப்பது தும்மல் வருவது மாதிரி. போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பு இறங்க இறங்க எல்லாருக்கும் இரண்டு காதும் அடைத்துக்கொள்ளும். எச்சிலை முழுங்கு, கொட்டாவி விடு, ஓர் ஏலக்காயை வாயில் போட்டு மெல்லு என்பார்கள். கீழே வந்ததும் பட்டென்று விட்டுவிடும். நாங்கள் சனிக்கிழமைதோறும் சித்தப்பாவின் ஜீப்பில் மேலே போய்ச் சாயந்திரம் அப்பாவோடு இறங்குவோம். அதனால் நான் ஞாயிற்றுக்கிழமை ‘என்ன’ என்று இரண்டாம் தடவை கேட்டால், பிள்ளைக்கு இன்னும் மலைக்காது விடவில்லை என்று ஓர் ஏலக்காயைக் கொடுப்பார்கள். புதன்கிழமை கேட்டாலும் ஏலக்காய்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் அடைத்துக்கொண்டிருக்கிற காது சனிக்கிழமை மறுபடி மலையேறிவிடும். அந்த வருடம் நான் தின்ற ஏலக்காயை விற்றிருந்தால் சித்தப்பா இன்னொரு ஜீப்பு வாங்கியிருப்பார்.

குக்கர் கதையும் அதே கதைதான். அம்மா பகலில் ஏலக்காய் பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலைக்குப் போவார். மூன்று விசில் வந்ததும் அடுப்பை நிறுத்து என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போவார். நான் குக்கரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மேலே குண்டு தூக்கி ஆவி பறப்பது தெரியும், ஆனால் எனக்கு விசில் என்பது புஸ்ஸென்று காற்றுப் போகிற ஒரு சின்ன விஷயம். வேறெங்காவது பார்த்துவிட்டால் கணக்குப் போய்விடும். சோறு களியாகும். கவனம் எங்கிட்டு இருக்கு என்று அம்மா வைவார்.

பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சித்தப்பா புதிதாக ஒரு ஐசி மாற்றிப் பெட்டியை மூடி, பாட்டு எதுவும் போடாமல் வால்யூமைத் தூக்கினார். அண்ணன் காதைப் பொத்திக்கொண்டான். கீழேயிருந்து அம்மா மாடிப்படி வரை வந்து, என்ன தம்பி, தோசைக்கல்லில் தண்ணி தெளிச்ச மாதிரி இரைகிறதே என்று கேட்டார். சித்தப்பாவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குமிழுக்குக் கையைக் கொண்டுபோனார். நான்தான் நீதிபதி ஆயிற்றே. பானைக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் எல்லாருக்கும் விவரம் போதாது என்கிற தோரணையில், சத்தமே இல்லை, சுத்தமாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னேன்.

அவர் சிரித்தார். அவரைச் சந்தோஷப்படுத்த நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தார். இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, சத்தியம் என்று தலையில் அடித்தேன். அவர் என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். சத்தம் வரும்போது கையைத் தூக்கச் சொன்னார். நான் காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடிவயிற்றில் உறுமல் வந்தது, உடனே கையைத் தூக்கினேன். திரும்பிப் பார்த்தபோது அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றிருந்தான். அந்த இரைச்சலை அவர் ஏழெட்டுத் தடவை விட்டு விட்டுப் போட்டிருக்கிறார், உறுமலை ஒரே ஒரு தடவைதான் போட்டார் என்று அண்ணன் பிற்பாடு சொன்னான். சித்தப்பா சிரிக்கவில்லை. சால்டரிங் கம்பியின் வயரைப் பிடுங்கி அதை ஆறவைத்துவிட்டு, மத்தியானமே அறையைச் சாத்திக்கொண்டு கீழே வந்துவிட்டார். மெஷின் சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று நான் அவருக்காக வருத்தப்பட்டேன்.

அடுத்த வாரம் அவர் ஒரு குருவிப் பெட்டி செய்து வந்தார். சோப்பு டப்பாவில் ஒரு குமிழ். திருப்பினால் தவளை மாதிரி கனமாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து குருவி மாதிரி கீச்சிடும். குருவி கூவும்போது கையைத் தூக்க வேண்டும், நின்றால் இறக்க வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த விளையாட்டு நடந்தது. ஜீப்பு ட்ரிப்பு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் ஏதோ கோடு போட்டுக்கொண்டே வந்தார். கோடு முதலில் சமமாக ஓடி, அப்புறம் வளைந்து, கடைசியில் போடிமெட்டு ரோடு மாதிரி கிடுகிடுவென்று கீழே இறங்கியது. அவர் சும்மா கிறுக்குகிறார் என்று நினைத்தேன். தோற்றுப்போனேனா என்று கேட்டதற்கு, நீதானாத்தா ஜெயிச்சே என்று ஒரு கடலைமிட்டாய் கொடுத்தார்.

அந்தச் சாயந்திரமே அவர் அப்பாவிடம் பேசியிருக்கிறார். நான் அங்கேதான், இரண்டு எட்டுத் தள்ளி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேனாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

“மலையேறி எறங்குற வீட்டுல காது அடைக்காம என்னடா செய்யும்” என்றாராம் அப்பா.

“நானுந்தாண்ணே தெனம் ஏறி எறங்குறேன். மேட்டுல அடைக்கிறது கீழ அடிவாரத்துல முந்தல் வாரதுக்குள்ள விட்டுருது. புள்ளைக்கு ஒரு வருசமா விடலையே.”

அதற்கு அப்பா, பொம்பளைப் பிள்ளை, செவிடு என்று பேர் வந்துவிட்டால் போகாது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாராம். அவரும் கெட்டவர் இல்லை. பயந்தவர். படிப்பு ஏறாத பிள்ளை என்றால் மலையோடு முடிந்துவிடும், காது கேட்காத பிள்ளை என்றால் அவருக்கு ஊரையே எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

சித்தப்பா அதற்குமேல் வாதாடவில்லை. வாயால் சொன்னால் எடுபடாது என்று மெஷினால் சொல்லக் கிளம்பினார். மூன்று வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டிய பிரீஆம்பைப் பிரித்துப் போட்டார். நான் மாடிக்குப் போனபோது டின் காலியாக இருந்தது, பாகங்கள் எல்லாம் பழைய காலண்டர் தாளில் பரப்பிக் கிடந்தன. நோட்டில் போட்ட கோடு எங்கே இறங்குகிறதோ அங்கேயெல்லாம் சத்தத்தை ஏற்றிக் கொடுக்கிற மாதிரி அதை மறுபடி கட்டினார். டேப்பு இருந்த இடத்தில் ஒரு சின்ன மைக்கை வைத்தார். பானைக்குப் பதிலாக ஒரு பழைய ஹெட்போன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் மாடிக்குக் கூப்பிட்டார். புது மெஷினுக்குப் பரீட்சை வைக்கப்போகிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார். அப்பா வேண்டாவெறுப்பாக வந்து கதவோரம் உட்கார்ந்தார். என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, மடியில் பலகையைக் கொடுத்தார். அம்மா என் தமிழ்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அறையின் அந்தக் கோடியில் நின்று பத்து வார்த்தைகள் சொன்னார். நான் எனக்குக் கேட்டதை எழுதினேன். சித்தப்பா பலகையை வாங்கி அப்பாவிடம் காட்டினார். அதில் இரண்டு சரி. அப்பா முகம் இறுகிப்போனது. டீச்சர் சொன்னது மெய்தானே என்று அவர் நினைத்திருப்பார்.

பிறகு சித்தப்பா ஹெட்போனை என் தலையில் மாட்டி, மைக்கை அம்மாவின் பக்கம் திருப்பி வைத்து, குமிழை மெல்ல ஏற்றினார். அம்மா புத்தகத்தில் பக்கம் புரட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏதோ ஒன்று கிணுகிணுவென்று உதிர்ந்த மாதிரி இருந்தது. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். அம்மா மறுபடி கையை அசைத்தார், மறுபடி வந்தது.

“சித்தப்பா, அம்மா வளையல் சத்தம் போடுது” என்றேன்.

அம்மாவுக்கு எப்போதும் கை நிறையக் கண்ணாடி வளையல்தான். நான் பிறந்ததிலிருந்து அந்தக் கைதான் எனக்குச் சோறு ஊட்டியது, தலை பின்னியது. அது சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. அப்பா பத்து வார்த்தை முடியும்வரை இருக்கவில்லை. எழுந்து வெளியே மொட்டைமாடிக்குப் போய் மலையைப் பார்த்தபடி நின்றார். அம்மா அந்தப் பக்கத்திலிருந்து வேறு பத்து வார்த்தைகளைச் சொன்னார். பத்துக்கு ஒன்பது வந்தது. நான் ஒன்பதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன். சித்தப்பாவின் மெஷினைப் பார்த்து எல்லாரும் அசந்துவிட்டார்கள், நான்தான் அதை ஜெயிக்கவைத்தேன் என்று எனக்கு ஒரே பெருமை. அப்பா உள்ளே வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. தம்பியிடம் ஒன்றுதான் கேட்டார்.

“மதுரைக்கு என்னைக்குடா போறது?”

மதுரை டாக்டர் குழாய் குழாயாக எதையெதையோ காதில் வைத்துப் பார்த்தார். சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சலில் கீச்சென்ற மெல்லிய சத்தம் கேட்கிற சக்தி போயிருக்கலாம் என்றார். சித்தப்பா நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுபோயிருந்தார். டாக்டர் தன் தாளையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தது என்று கேட்டாராம். சித்தப்பா வெட்கப்பட்டு ஜீப்பு என்று சொல்லியிருக்கிறார்.

சட்டையில் குத்திக்கொள்கிற தீப்பெட்டி மாதிரி ஒரு கருவி கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். டீச்சர் அதன்பிறகு என்னிடம் பேசுவதென்றால் கரும்பலகையை விட்டுத் திரும்பி நின்றுதான் பேசினார். மூன்றாம் வகுப்பு தேறிவிட்டேன். மலைக்குப் போகவில்லை. நான் படித்ததும், இன்று மதுரையில் ஒரு வேலையில் இருப்பதும் எல்லாம் அந்தப் பிஸ்கட் டின்னில் தொடங்கியதுதான். இதைச் சித்தப்பாவிடம் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் கருவியைக் கழற்றிவிடுவேன். காது அரிக்கும், பானைகளுக்குப் பக்கத்தில் போனால் கூவென்று ஊளையிடும். அதனால் சித்தப்பா ஹெட்போனைக் கழற்றி, பிரீஆம்பை மறுபடி டேப்போடும் பானைகளோடும் சேர்த்து, கீழே கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார். தினம் சாயந்திரம் பாட்டு. நான் நடுவில் உட்கார்ந்து கேட்பேன். பாட்டில் சலங்கை இருப்பது, வயலின் இருப்பது எல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. மற்றவர்களுக்கு ரசனை போதாது என்று நினைத்தேன். அண்ணன் அந்த நேரம் பார்த்துக் கிரிக்கெட் விளையாடப் போய்விடுவான். சனிக்கிழமை இறங்கிவருகிற அப்பா, போடி வெயிலிலும் துண்டைக் காதோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மலையில் குளிருக்குக் கட்டிப் பழகிவிட்டது என்பார்.

அந்தப் பெட்டியில் ஒரே ஒரு குறைதான். ட்ரெபிள் குமிழ் திரும்பாது. அண்ணன் ஒருநாள் முறுக்கிப் பார்த்துவிட்டுக் கேலி செய்தான். அது பழுதாப்போச்சு, மாத்தணும் என்றார் சித்தப்பா. மாற்றவேயில்லை. ஜீப்பையே பிரித்துப் பூட்டுகிற மனிதருக்கு ஒரு குமிழைச் சரிசெய்ய வரவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது அப்பாவிடம் அடம்பிடித்து, ரேடியோ சாமான் கடையில் ஒரு புதுக் குமிழ் அடியில் இருக்கிற பாகத்தோடு வாங்கிவந்தேன். நோட்டுத்தாளில் சுற்றி, ‘சித்தப்பாவுக்கு’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல சாமான் என்றார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். வாரம் போயிற்று, மாதம் போயிற்று, அதை மாட்டவேயில்லை. கேட்டால், பழுது, பாக்கலாம் என்பார்.

போன பொங்கலுக்குப் போடிக்குப் போயிருந்தேன். இப்போது காதுக்குள் உளுந்து அளவில் புதுக் கருவி வைத்திருக்கிறேன். மெல்லிய சத்தமெல்லாம் தாராளமாகக் கேட்கிறது. எல்லாரும் கீழே இருக்க, நான் மட்டும் மாடிக்குப் போனேன். பிஸ்கட் டின்னும் பானைகளும் மறுபடி அங்கே போயிருந்தன. ஒரு கேசட்டைப் போட்டேன். பாட்டு தொடங்கிய மறுநொடி என் இரண்டு கையும் காதுக்குப் போய்விட்டன. பாடுகிறவரின் ஒவ்வொரு மூச்சும் ஊசியாக வந்து குத்தியது. பல் கூசியது. இத்தனை வருடத்தில் கெட்டுப்போயிருக்கும் என்று ட்ரெபிளைக் குறைக்கப் போனேன். திரும்பவில்லை. அழுத்தி முறுக்கினேன். அசையவில்லை.

சித்தப்பா முட்டிவலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்து நின்றார்.

“அது திரும்பாதாத்தா. பசை போட்டு ஒட்டியிருக்கு” என்றார்.

யார் ஒட்டியது என்று கேட்டேன்.

“நாந்தான். ஒன் அண்ணன் கொறச்சு வச்சிட்டுப் போயிருவான். அப்பறம் நீ வந்து ஒக்கார்றப்ப ஒனக்குப் பாதிதான் கேக்கும். பாதிதான்னு ஒனக்கே தெரியாது.”

நான் பாட்டை நிறுத்தினேன். எத்தனை வருடம், எத்தனை சாயந்திரம் இதை இந்த வீட்டில் கேட்டிருக்கிறார்கள். அப்பாவின் துண்டு ஞாபகம் வந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் தலைவலி என்று சித்தி படுத்துக்கிடந்தது ஞாபகம் வந்தது. டீக்கடைக் கீச்சுக்குப் பயந்து டீ குடிக்காமல் எழுந்து வருகிற மனிதர், அதைத் தன் கையாலேயே வீட்டுக்குள் கட்டி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, நன்றாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாள்கூட ஒருவர்கூட முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. காது கிழிகிறது சித்தப்பா என்றேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பாடா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு தன் சாமான் பெட்டியைத் திறந்து, அடியில் துழாவி, மஞ்சளேறிய நோட்டுத்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்தார். மேலே என் மூன்றாம் வகுப்புக் கையெழுத்து இருந்தது. உள்ளே அந்தக் குமிழ், துருப்பிடிக்காமல், வாங்கியபடியே இருந்தது.

“இப்ப மாட்டிருவமா?” என்றார்.

அவர் கம்பியைச் சூடேற்றுகிற வரைக்கும் நான் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வயதில், அதை அவர் மாட்டவில்லை என்ற கோபத்தில், இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்திருக்கிறேன். அப்போதும் அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை, பழுது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வாங்கிக் கொடுத்ததை மதிக்கத் தெரியாத நன்றிகெட்ட மனிதர் என்று அந்த இரண்டு நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்தது அவரைத்தான்.